‘அம்பேத்கரே சொன்னார்’ என்று வாதத்தைத் தொடங்கும் முன்: அரசமைப்பு வழக்கறிஞர்களுக்கும் சட்ட ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். இடஒதுக்கீடு, நீதிபதிகள் நியமனம், ஆளுநர் அதிகாரம், பொது சிவில் சட்டம் என எந்த விவகாரத்தை எடுத்தாலும் இரு தரப்பு வாதத்திலும் அம்பேத்கர் வந்து நிற்கிறார். வரட்டும். அரசமைப்பு வரைவுக் குழுத் தலைவராக ஒவ்வொரு பிரிவுக்கும் அரசியல் நிர்ணய சபையில் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் அவர். ஆனால் எந்த வரைவின்மீது, யாருடைய கேள்விக்கு அந்தப் பதில் வந்தது என்பதை விட்டுவிட்டு ஒற்றை வாக்கியத்தை மட்டும் பிய்த்தெடுத்து வைக்கிறார்கள். எங்கள் மனக்குறை அதுதான்.

நமக்கு மிக நெருக்கமான இடத்திலிருந்தே தொடங்குகிறோம். 1948 நவம்பர் 30 அன்று வரைவின் 10ஆம் பிரிவு விவாதத்தில் இருந்தது. அரசுப் பணியில் சமவாய்ப்பு பற்றிய இன்றைய 16ஆம் பிரிவு அது. இடஒதுக்கீடு ‘மைனாரிட்டி ஆஃப் சீட்ஸ்’ என்ற அளவுக்குள் நிற்க வேண்டும் என்றார் அம்பேத்கர். இதைத் தமிழில் ‘சிறுபான்மை இடங்கள்’ என்று பெயர்த்தால் சிறுபான்மையினருக்கான இடங்கள் என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. பாதிக்கும் குறைவான இடங்கள் என்பதே பொருள். மொத்தப் பதவிகளில் 70 விழுக்காடு ஒதுக்கப்பட்டு 30 மட்டும் பொதுப் போட்டிக்கு மிஞ்சினால் சமவாய்ப்புக் கொள்கை என்னாகும் என்று ஓர் எடுத்துக்காட்டும் சொன்னார். 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு 50 விழுக்காட்டு வரம்புக்கு இந்தப் பேச்சைத் துணைக்கு அழைத்தது.

அதே பேச்சில் அடுத்து வருவதை ஏனோ பலரும் படிப்பதில்லை. இந்த விதியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியுமா என்று சபை உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுப்பிய கேள்விக்கும் அம்பேத்கர் பதில் சொன்னார். அடித்துச் சொல்வது கடினம், ‘என் சொந்தக் கருத்தில்’ முடியும் என்றார். ஒதுக்கீடு மிதமிஞ்சிப் போனால் நீதிமன்றத்துக்குப் போகலாம், அரசு நியாயமாகவும் விவேகத்துடனும் நடந்துகொண்டதா என்று நீதிமன்றம் பார்க்கும் என்றார். அவர் சொன்ன அளவுகோல் நியாயமும் விவேகமும்தான். 50 என்ற எண்ணை அவர் உச்சரிக்கவில்லை. யார் பிற்படுத்தப்பட்டோர் என்பதை அந்தந்த மாநில அரசே தீர்மானிக்கட்டும் என்று விட்டதும் இதே பேச்சில்தான்.

இன்னொன்று, அன்று பேசப்பட்டது அரசுப் பணி மட்டுமே. கல்லூரி இடங்களில் ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4)ஆம் பிரிவு அப்போது பிறக்கவே இல்லை. 14 இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்த சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணை 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் விழுந்த பிறகு, அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தத்தின் வழியாகத்தான் அது வந்தது. ஆகவே 1948ஆம் ஆண்டுப் பேச்சைக் கல்லூரிச் சேர்க்கை வழக்கில் வைப்பவர், நடுவில் ஒரு திருத்தம் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டை (பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1) ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்தப் பேச்சு முழுவதையும் எதிர்கொண்டே ஆக வேண்டும். அவரவருக்கு வசதியான பாதி போதாது.

நீதிபதிகள் நியமனத்திலும் இதே கதைதான். 1949 மே 24 அன்று, தலைமை நீதிபதியின் இசைவு கட்டாயம் என்ற திருத்தத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. தலைமை நீதிபதியும் குறைகள் உள்ள மனிதர்தான், அவருக்கு வீட்டோ அதிகாரம் தருவது ஆபத்து என்றார். 1993இல் கொலீஜியம் முறையை (மூத்த நீதிபதிகளே புதிய நீதிபதிகளைத் தேர்வு செய்யும் முறை) உருவாக்கிய தீர்ப்பை எதிர்ப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிர்வாகத்தின் அறிவுரையை மட்டும் வைத்துக் குடியரசுத் தலைவர் நியமிப்பதும் ஆபத்தே என்று அதே பேச்சில் அவர் சொன்னது கொலீஜியம் தரப்பினரின் வாதத்தில் மட்டும் தென்படுகிறது. அவர் காட்டியது நடுவழி. கொலீஜியத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட நீதித்துறை நியமன ஆணையம் 2015இல் 4:1 என்ற கணக்கில் செல்லாது என்று ஆனபோதும் அந்த நடுவழி எது என்பதில்தான் சண்டை.

மதச்சார்பின்மையை அம்பேத்கரே நிராகரித்தார் என்றும் ஒரு தவறான மேற்கோள் சுற்றுகிறது. ‘மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோஷலிச’ என்ற சொற்களைச் சேர்க்கக் கோரிய கே.டி. ஷாவின் திருத்தத்தை 1948 நவம்பர் 15 அன்று அம்பேத்கர் மறுத்தது உண்மை. ஆனால் அவர் பதில் முழுக்க சோஷலிசத்தைப் பற்றியது: பொருளாதாரக் கொள்கையை மக்கள் காலத்துக்கேற்ப முடிவு செய்யட்டும், வழிகாட்டு நெறிகளிலேயே சோஷலிசம் இருக்கிறது என்பது. மதச்சார்பின்மையை நிராகரித்ததாக அதிலிருந்து எதையும் கறக்க முடியாது.

பொது சிவில் சட்டத்தை அவர் ஆதரித்தார் என்பதும் உண்மை, விரும்பி ஏற்பவருக்கு மட்டும் பொருந்துமாறு நாடாளுமன்றம் தொடங்கலாம் என்று சொன்னதும் உண்மை. இரண்டும் 1948 நவம்பர் 23 அன்று ஒரே பேச்சில். மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிவிடும் 356ஆம் பிரிவு செத்த எழுத்தாகவே கிடக்கட்டும் என்றது அவருடைய நம்பிக்கை. சட்ட வரம்பு 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில்தான் வந்தது.

ஆளுநர் விவகாரத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஆளுநருக்குத் தனியாகச் செய்யும் பணி எதுவும் இல்லை என்று 1949இல் சொன்ன அம்பேத்கரே, 1953 செப்டம்பரில் மாநிலங்களவையில் ஆளுநருக்குச் சிறுபான்மையினரைக் காக்கும் சிறப்பு அதிகாரம் வேண்டும் என்று வாதாடினார். ‘நான் கூலிக்கு எழுதியவன், என் விருப்பத்துக்கு மாறாகப் பலவற்றைச் செய்தேன்’ என்று குமுறியதும் அன்றுதான். மசோதாக்கள்மீது ஆளுநர் முடிவெடுக்கக் கெடு விதித்த 2025 ஏப்ரல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், கெடு விதிக்க முடியாது என்ற அதே ஆண்டு நவம்பர் மாத ஆலோசனைக் கருத்தும் வந்துவிட்ட நிலையில், எந்த அம்பேத்கரை அழைக்கிறோம் என்று சொல்லாமல் அழைப்பது நேர்மையல்ல.

அம்பேத்கருக்குச் சபையில் ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்கள். 1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்காக அவர் எழுதிய மனுவில் விவசாய நிலம் அரசுடைமையாக வேண்டும் என்று இருக்கிறது. சபை அதை ஏற்கவில்லை. அது அவருடைய அரசியல். வரைவுக் குழுத் தலைவராகப் பேசியது குழுவின் சமரசம். இரண்டையும் ஒரே எடையில் தராசில் போடக் கூடாது.

எனவே ஒவ்வொரு மேற்கோளுடனும் தேதி, வரைவு எண், இன்றைய எண், விவாதத்தில் இருந்த திருத்தம், அது ஏற்கப்பட்டதா விழுந்ததா, இவ்வளவும் இருக்கட்டும். எண்ணில்தான் அதிகம் சறுக்குகிறது. அவர் ‘அரசமைப்பின் ஆன்மா’ என்றது வரைவின் 25ஆம் பிரிவை, அதாவது அடிப்படை உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தை அணுக வழிவிடும் இன்றைய 32ஐ. இன்றைய 25 மதச் சுதந்திரம். இரண்டும் வெவ்வேறு என்று தெரியாத மாணவர் வாதத்தையே மாற்றிவிடுவார்.

சட்டக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாதிரி நீதிமன்றப் போட்டியில் அம்பேத்கரை மேற்கோள் காட்டும் அணி, எதிரணிக்குச் சாதகமாக அதே பேச்சில் உள்ள பத்தியையும் எழுத்துவாதத்தில் இணைக்க வேண்டும் என்று விதி வையுங்கள். இணைக்காத அணிக்கு மதிப்பெண் குறையுங்கள்.

இப்படிக்கு,
அரசியல் நிர்ணய சபை விவாதங்களைத் தொடர்ந்து படித்துவருவோர்