நியூசிலாந்து மான் வேட்டை பிக்னிக் இல்ல சார்

ஆசிரியருக்கு வணக்கம். போன ஞாயிறு இணைப்புல நியூசிலாந்து மான் வேட்டை பத்தி வந்த கட்டுரை படிச்சேன். சீசன் கிடையாது, எத்தனை வேணா சுடலாம், அரசு காட்டுக்கு பர்மிட் ஃப்ரீ, ஆன்லைன்லயே கிடைக்கும்னு போட்டிருந்தீங்க. பெரும்பாலான எடத்துக்கு அது சரிதான், துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் தனியா எடுக்கணும். ஆனா மலைய பத்தி ஒரு வரி கூட இல்லையே? படிக்கிற பசங்க கொடைக்கானல் டூர்னு நெனச்சுக்குவாங்க, நான் இங்க தெற்குத் தீவுல இருக்கேன், கூட வேலை பாக்குறவங்களோட காட்டுக்குப் போற ஆளு, அதனாலதான் எழுதுறேன்.

மொதல்ல ஏன் இவ்ளோ ஈசியா விடுறாங்கன்னு சொல்லணும். இந்த நாட்டு மண்ணுல சொந்தமா இருந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான், மான் எல்லாம் வெள்ளைக்காரங்க வேட்டையாடுறதுக்குன்னே கொண்டு வந்து விட்டது. 1875ல இலங்கைல இருந்து நம்ம மிளா கூட வந்திருக்கு, 1905ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அனுப்புன வாப்பிட்டிங்கிற பெரிய மான தெற்குத் தீவோட தென்மேற்கு மூலைல இருக்குற ஃபியார்ட்லேண்ட் மலைக்காட்டுல விட்டாங்க. அப்புறம் அதுங்க பெருகி காட்டுல சின்ன மரக் கன்னு ஒன்னு விடாம மேய ஆரம்பிச்சதும் 1930ல பாதுகாப்ப எடுத்துட்டு அரசாங்கமே சம்பளம் குடுத்து ஆள் வச்சு சுட்டுச்சு. நம்மூர் 1972 வனவிலங்கு சட்டத்த வச்சு இத பாக்கவே முடியாது.

இப்ப மலைக்கு வரேன். ஃபியார்ட்லேண்ட் மில்ஃபோர்ட் பக்கம் வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல மழை, சென்னைக்கு பெய்யுறத விட நாலு மடங்கு, காலைல முழங்கால் அளவு தண்ணில தாண்டுன ஆறு சாயங்காலம் ஆளயே அடிச்சுட்டுப் போயிடும். தண்ணி வடியுற வரைக்கும் ஹட்ல (மலைல தங்குறதுக்கு இருக்குற குடில்) உக்காந்திருக்க பொறுமை வேணும், திங்கக்கிழமை ஆபீஸ் இருக்கேன்னு எறங்குறவன்தான் மாட்டுறான். சுட்டாச்சுன்னா அதோட முடிஞ்சிடாது, ரெட் டியர் ஆண் ஒன்னு நூறு கிலோவுக்கு மேல இருக்கும், அங்கயே அறுத்து எலும்பு நீக்கி கறிய முதுகுல தூக்கிட்டு செங்குத்து சரிவுல எறங்கணும், ரோடு ரெண்டு நாள் நடை தூரத்துல இருக்கும். அவ்ளோ கஷ்டப்பட்டு கொண்டு வந்த கறிய விக்கவும் கூடாது, சட்டம் அப்படி.

இன்னொன்னு, இதுதான் பயங்கரம். மார்ச் கடைசி, ஏப்ரல்ல ஆண் மான் ஜோடி சேர கத்துற காலம், வேட்டைக்குப் போறவங்களும் குழாய் வச்சு அதே மாதிரி கத்தி கூப்பிடுவாங்க, அப்ப புதருக்குள்ள இருந்து பதில் கத்துறது மானா இன்னொரு ஆளான்னு தெரியாது. மான்னு நெனச்சு ஆளச் சுட்ட கேஸ் இங்க நெறைய உண்டு, அதுவும் பாதிக்கு மேல கூட வந்த நண்பனையே. ஆரஞ்சு சட்ட போடணும்னு அமெரிக்காவுல பல மாநிலத்துல சட்டம் இருக்கு, இங்க அது கூட கட்டாயம் இல்ல (ஏன் இல்லன்னு எனக்கு இன்னும் புரியல). தலை, கழுத்து, உடம்பு முழுசா தெரிஞ்சு மான்தான்னு உறுதியாகுற வரைக்கும் ட்ரிகர்ல கை போகக் கூடாது.

அடுத்த தடவை போட்டா இதையும் ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க: மலைல மொபைல் டவர் கிடையாது, அவசர பீக்கன் (ஆபத்துல சேட்டிலைட் வழியா உதவி கேக்குற கருவி) வாடகைக்கு கிடைக்கும், எங்க போறோம் எப்ப வருவோம்னு வீட்ல எழுதி வச்சுட்டுப் போகணும்.

அப்புறம் கட்டுரையோட போட்டிருந்த படம் கிண்டி பார்க்ல நிக்குற நம்ம புள்ளிமான் சார், அது இந்த ஊர் காட்டுலயே கிடையாது, ஆன்லைன்லயாவது மாத்திடுங்க.

- ஒரு வாசகர், இன்வர்கார்கில்