ஆய்வு வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். இதன் நகல் அவர்களுக்கும் போகும்.

செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாததால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, பிறகு இருந்தவர்களை வைத்தே நடத்தினோம். விதியில் அதற்கு இடம் உண்டு. பிரிவுவாரி அமர்வுகள் வழக்கம்போல் நடந்தன. கணிதப் பிரிவு, தொற்றுநோய்ப் பரவலைச் சமன்பாடுகளில் பிடித்த கெர்மாக், மெக்கெண்ட்ரிக் இருவரின் 1927 கட்டுரையைப் படித்தது. சுற்றுச்சூழல் பிரிவு ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் எடுத்துவரும் கரியமில வாயு அளவீடுகளைப் பார்த்தது. நலவாழ்வுப் பிரிவு, 678 கன்னியாஸ்திரீகளை முதுமையில் தொடர்ந்து கவனித்த மறதிநோய் ஆய்வை எடுத்துக்கொண்டது. சமய வாழ்வுப் பிரிவு, சூழல் நெருக்கடிக்குச் சமயச் சிந்தனையில் வேர் தேடிய லின் ஒயிட்டின் 1967 கட்டுரையை இரண்டு அமர்வுகளில் விவாதித்து, முடிக்கவில்லை. அலமாரிக் கதவு சரிசெய்யப்பட்டது.

இனி கூட்டு அமர்வுகள். சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் இதைச் "செயலாளரின் சொந்த ஆசை" என்றார். ஆசைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் நான்கு தனிக்குடித்தனம் நடத்தவா இந்த வட்டத்தைத் தொடங்கினோம்? கணிதப் பிரிவினர் கூடும் நாளில் மற்ற மூன்று பிரிவிலிருந்தும் ஒருவர்கூட எட்டிப்பார்ப்பதில்லை. மற்ற நாட்களில் கணிதப் பிரிவினரைக் காணோம். அதனால் நான்கு துறையும் ஒன்றாக வந்து முட்டிக்கொள்ளும் கட்டுரைகளாகத் தேடி எடுத்தேன். இந்த ஆண்டு மூன்று நடத்தினோம்.

முதல் அமர்வு ஜான் ஆர்புத்நாட்டின் 1710 கட்டுரை. அவர் மருத்துவர், கணிதமும் தெரிந்தவர். லண்டன் தேவாலயங்களின் ஞானஸ்நானக் கணக்கை 1629 முதல் 1710 வரை எடுத்துப் பார்த்தார். 82 ஆண்டுகளில் ஓர் ஆண்டு தவறாமல் ஆண் குழந்தைகளே அதிகம். ஒரு காசைச் சுண்டி 82 தடவையும் தலையே விழுவதற்கான வாய்ப்பு என்ன? 1-ஐ 25 இலக்க எண்ணால் வகுத்தால் என்ன வருமோ அது. ஆகவே இது தற்செயல் இல்லை, இறைவனின் ஏற்பாடு என்று முடித்தார். காசு சமமானதில்லை என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லவில்லை என்று நம் கணிதப் பிரிவிலிருந்து வந்திருந்த ஒரே உறுப்பினர் எழுந்து சொன்னார். அது சரிதான். ஆனால் 'வெறும் தற்செயல் என்றால் இப்படி வர வாய்ப்பு எவ்வளவு?' என்று கேட்பதுதான், இன்று ஒரு புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையின் தர்க்கமும். அது அந்த ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அன்றைய வருகை பதினொன்று. அதில் இருவர் அடுத்த கூட்டத்துக்கு முன்கூட்டியே வந்தவர்கள்.

இரண்டாவது அமர்வு பாலித் தீவின் நீர்க்கோயில்கள். என் கணக்கில் இந்த ஆண்டின் நல்ல நாள் அதுதான். அங்கே வயல்களுக்கு நீர் பகிரும் உழவர் குழுவுக்குச் சுபாக் என்று பெயர். எந்தச் சுபாக் எப்போது நட வேண்டும், எப்போது தரிசு போட வேண்டும் என்பது கோயில் வழிபாட்டோடு சேர்ந்தே முடிவாகும். 1970-களில் பசுமைப் புரட்சித் திட்டம் வந்து, முடிந்த மட்டும் அடிக்கடி நடுங்கள் என்றது. தண்ணீர்த் தகராறும் பூச்சித் தாக்குதலும் பெருகின. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் 172 சுபாக்குகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்து 1993-இல் எழுதினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தரிசு போட்டால் பூச்சிக்கு இரை இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால் தண்ணீர் போதாது. நடுவில் ஓர் அளவு இருக்கிறது. ஒவ்வொரு சுபாக்கும் பக்கத்தில் நல்ல விளைச்சல் கண்டவரைப் பார்த்து நடவு முறையை மாற்றிக்கொண்டே போனால் போதும், சில ஆண்டுகளிலேயே கணினியில் உருவான கூட்டமைப்பு கோயில்களின் அமைப்பை ஒத்துவந்தது. தலைமடைக்காரர் கடைமடைக்காரருக்கு ஏன் தண்ணீர் விடுகிறார்? புண்ணியத்துக்காக மட்டுமில்லை. கடைமடை வேறு நேரத்தில் நட்டால் பூச்சி தலைமடைக்கும் ஏறிவரும். (நம் வட்டத்திலும் தலைமடைக்காரர்கள் இருக்கிறார்கள். கேட்ட தலைப்பு கிடைத்ததும் தங்கள் மடையை அடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பெயர் சொல்லவில்லை.)

மூன்றாவது அமர்வைப் பற்றித் தலைவருக்கு இரண்டு புகார் வந்திருப்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிறர் செய்யும் பிரார்த்தனை நோயாளிக்கு உதவுமா என்று பார்த்த, 2006-இல் வெளியான ஆய்வு அது. இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். தனக்காகப் பிரார்த்தனை நடக்குமோ நடக்காதோ என்று தெரியாமல், பிரார்த்தனை கிடைத்த குழுவில் 52 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்தது. அதேபோல் தெரியாமல், பிரார்த்தனை கிடைக்காத குழுவில் 51. நிச்சயம் நடக்கும் என்று சொல்லப்பட்ட குழுவிலோ 59. இதை வாசித்ததும் ஓர் உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட்டார். இன்னொருவர் நம் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மைகளாகப் போட்டார். இரண்டுமே அவசரம். முகம் தெரியாதவர்களின் பிரார்த்தனையை, அறுவைக்குப் பிந்திய சிக்கல் என்ற ஒற்றை அளவுகோலில் வைத்துப் பார்த்த ஆய்வு அது. ஒருவரின் சமய வாழ்வு அந்த அட்டவணைக்குள் அடங்கியிருப்பதாக ஆய்வாளர்களே சொல்லவில்லை. 59 என்பது தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் எழுதினார்கள்.

அப்புறம் வந்தது பெரிய வம்பு. வேறோர் உறுப்பினர், லியோனார்ட் லைபோவிசியின் 2001 கட்டுரையைக் கொண்டுவந்து, "இதில் பிரார்த்தனை பலித்திருக்கிறதே" என்றார். பலித்துத்தான் இருக்கிறது. 1990 முதல் 1996 வரை இரத்தத் தொற்றோடு மருத்துவமனையில் இருந்த 3393 பேரைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்காக 2000-இல் பிரார்த்தித்தார்கள். அதாவது நோயாளி வீட்டுக்குப் போய்ப் பல வருடம் கழித்து! அந்தப் பாதியில் காய்ச்சலும் குறைந்த நாள், மருத்துவமனை வாசமும் குறைந்த நாள். குலுக்கலும் சரி, புள்ளியியலும் சரி. நடக்கவே முடியாத ஒன்றுக்குக்கூடச் சோதனை 'ஆம்' சொல்லிவிடும் என்று காட்டத்தான் அந்த மனிதர் எழுதினார். இதை விளக்கியதற்கு நான் நம்பிக்கையைக் கேலி செய்ததாக ஒரு புகார். அறிவியல் வட்டத்துக்குள் மூடநம்பிக்கையைக் கொண்டுவந்ததாக இன்னொரு புகார். எதிரெதிரான இரண்டு புகார் வந்ததையே நடுநிலைக்குச் சான்றாகச் செயற்குழு எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இரண்டையும் குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றியிருக்கிறேன்.

வருகை குறைவதன் காரணம் அறிய ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். அதை அமர்வுக்கு வந்தவர்களிடமே கொடுத்தேன். "நேரம் வசதியாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கு எல்லோரும் "ஆம்" என்று எழுதியதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வராதவர்களைக் கேட்காமல் வராத காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? புள்ளியியல் கட்டுரைகளில் இந்தத் தவற்றைப் பிடித்துப் பிடித்துக் காட்டுபவர்கள் நாம். பிறகு வராதவர்களுக்கும் அனுப்பினேன். மூன்று பதில் வந்தது. அதில் ஒருவர் "எந்த வட்டம்?" என்று கேட்டிருக்கிறார்.

வரவு செலவு. பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் நான் நீட்டவில்லை. வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடி, இருப்பு என்று சொல்ல ஏதோ இருக்கிறது. நகல் எடுத்த செலவு கூடிவிட்டது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூட்டு அமர்வுகளுக்கு எடுத்த நகல்களில் பாதி, ஆள் வராமல் கட்டோடு அலமாரியில் இருக்கிறது. சந்தா நிலுவை உறுப்பினர்களில் பாதிக்கு மேல். சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. நினைவூட்டல் அனுப்பினால் "பார்த்துச் செய்கிறேன்" என்று பதில் வருகிறது. பார்த்துவிட்டார்கள் என்பது வரை தெரிகிறது.

இடம் தந்தவர்களுக்கும், நாற்காலி போட்டவர்களுக்கும், கணக்கைத் தணிக்கை செய்து கொடுத்தவருக்கும், என்னைப் பொறுத்துக்கொண்ட செயற்குழுவுக்கும் நன்றி. யார் பெயரும் விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு கட்டுரை எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று, பழைய சேலைத் துணியை மடித்து நீரை வடிகட்டியதில் வங்கதேசத்தின் 65 கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைச் சொல்லும் 2003 ஆய்வு. மற்றது, 2006 ஹஜ் நாட்களில் மக்கா அருகே ஜமராத் பாலத்தின் நுழைவாயிலில் நேர்ந்த நெரிசலை ஒளிப்பதிவிலிருந்து அலசி, கூட்டம் எந்தக் கட்டத்தில் அலையாக மாறுகிறது என்று காட்டிய 2007 ஆய்வு. இரண்டாவதைக் கணிதப் பிரிவினர் இல்லாமல் வாசிக்க முடியாது. சமய வாழ்வுப் பிரிவினர் இல்லாமல் வாசிக்கக் கூடாது.

செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவியையும் குறிப்பேட்டையும் இன்றே ஒப்படைக்கத் தயார். மூன்று ஆண்டாக இதைச் சொல்லிவருகிறேன். மூன்று ஆண்டும் அவை அமைதியாகவே இருந்தது. சரி. இந்த ஆண்டும் அப்படியே என்றால், சேலைத் துணிக் கட்டுரையின் நகல்களை வெளியே மேசையில் வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்