வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: சிங்கராஜவில் ஏன் மூன்று இரவு?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாசி மாதப் பறவைப் பயணத்தில் இந்த முறை இரண்டு இரவைக் கூட்டியிருக்கிறோம். கட்டணமும் அதற்கேற்பக் கூடியிருக்கிறது. "நுவரெலியாவையும் சிங்கராஜவையும் முந்தி மாதிரி நாலு நாளில் பார்த்து வரேலாதோ?" என்று பலர் கேட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

போன பயணத்தில் சிங்கராஜ மழைக்காட்டில் ஒரே ஒரு இரவுதான் வைத்திருந்தோம். பின்னேரம் போய் இறங்க மழை பிடித்தது. இருட்டும் வரை விடவில்லை. அடுத்த நாள் வெள்ளனக் காட்டுக்குள் போய் ஒன்பது மணி வரை நின்றும் மரமும் இலையும்தான். மூட்டைகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தலைக்கு மேலே காடே கலகலத்தது. புலுனிகள், கரிக்குருவிகள், பெயர் பிடிபடாத பத்து வகை. கிளிநொச்சி திரும்ப நாள் முழுக்க ஓட வேண்டும் என்பதால் கால் மணித்தியாலத்தில் எல்லோரையும் கூப்பிட்டு ஏற்றினோம். அது எங்கள் திட்டத்தில் இருந்த பிழை.

வன்னியில் நமக்குப் பறவை பார்ப்பதென்றால் குளக்கட்டில் நிற்பது. இரணைமடுவிலும் கட்டுக்கரையிலும் வெளி விரிந்து கிடக்கும். வங்காலையில் பூநாரைக் கூட்டம் அரைக் கட்டைக்கு அப்பால் நின்றாலும் கண்ணுக்கு எட்டும். மழைக்காட்டில் பத்து யார் தூரத்துக்கு அப்பால் பச்சைதான். அங்கே முதலில் காது, பிறகுதான் கண். 1995இல் கித்துல்கலைக் காட்டில் பறவை ஆய்வாளர் தீபால் வாரகாகொட இரவில் ஒரு புதுக் குரலைக் கேட்டார். அந்தக் குரலுக்குரிய சின்ன ஆந்தையைச் சிங்கராஜவில் கண்ணால் கண்டது 2001 தையில். பறவைகளை நன்கு அறிந்த ஒருவருக்கே இடையில் அத்தனை வருடம் போயிற்று என்றால், நாம் ஒரு காலைப்பொழுதில் என்னத்தைக் காண்பது?

சிங்கராஜவில் பறவைகள் கூட்டுச் சேர்ந்தே இரை தேடும். செம்மஞ்சள் அலகுப் புலுனிகள் கலகலத்துக்கொண்டு வர, கொண்டைக் கரிக்குருவி கூடவே வந்து ஆபத்தென்றால் குரல் கொடுக்கும். அவற்றை நம்பி மற்றவை சேரும். நாற்பது பறவை மட்டில், பத்துப் பன்னிரண்டு இனம். சிவப்பு முக மல்கொஹாவும் நீல மக்பையும் இந்தக் கூட்டத்தோடு வந்தால்தான் பெரும்பாலும் கண்ணில் படும். கூட்டம் வரும் நேரத்தை யாரும் சொல்ல ஏலாது; காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குத்தான் இரண்டு முழு நாள்.

மலையை முதலில் வைத்ததற்கும் காரணம் உண்டு. அங்கே இனங்கள் குறைவு, குரல்களைப் பிரித்துப் பழகலாம். நுவரெலியா விக்டோரியாப் பூங்காவில் நம் ஊர்ப் பற்றைக்குள் விடியவும் பொழுதுபடவும் குரல் கொடுக்கும் அதே ஆறுமணிக்குருவி, வாய்க்கால் ஓரம் சருகைக் கிளறிக்கொண்டு நிற்கும். பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் இரத்தச் சிவப்பு. ஊரில் குரலை மட்டுமே கேட்டவர்கள் அசையாமல் நின்றுவிடுவார்கள். அடுத்த நாள் நாலரைக்கு வான் புறப்படும். ஹோர்ட்டன் சமவெளியில், ஏறத்தாழ 2100 மீற்றர் உயரத்தில், பாதையோரக் குட்டை ஒன்றுக்கு விடியற்காலையில் கருநீல அரெங்கா என்ற குருவி வரும். மெல்லிய, கூர்மையான விசில். வெயில் ஏறினால் அது பற்றைக்குள் மறைந்துவிடும். எனவே நித்திரையைப் பார்க்காதீர்கள்.

மூன்றாம் நாள் வெலிமடை, ஹப்புத்தளை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகச் சிங்கராஜவுக்குப் பக்கத்தில் உள்ள கலவானைக்கு இறங்குவோம். கடைசி ஒரு மணித்தியாலம் வானில் ஏசி போட மாட்டோம், கோபிக்க வேண்டாம். குளிரில் இருந்த பைனாகுலரை ஈரக் காற்றில் எடுத்தால் கண்ணாடி முழுக்கப் புகார் படியும். அது தெளிவதற்குள் பறவை போய்விடும்.

அட்டைக்குப் பயப்படுகிறவர்களுக்கு: முழங்கால் வரை வரும் அட்டை மேசு நாங்கள் தருவோம். மேசுக்கு மேல் சித்தாலேப தைலம் பூசினால் இன்னும் நல்லது. கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள், வாயடியில் நகத்தை ஓரமாக விட்டு விலத்துங்கள். சிங்கராஜவின் குடாவ வாசல் பக்கம் நாம் நடப்பது 1970களில் மரம் ஏற்றப் போட்ட பழைய பாதை. மரம் வெட்டுவதை நிறுத்திய பிறகு காடு அதன் இரு பக்கமும் திரும்ப மூடியிருக்கிறது. 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமைச் சொத்தாயிற்று. ஏற்றம் குறைவு என்பதால் வயதானவர்களும் நடக்கலாம். முழங்கால் நோ உள்ளவர்கள் மட்டும் முன்னரே சொல்லுங்கள்.

கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பதை நாங்கள் அனுமதிப்பதில்லை. பறவை தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று இரை தேடுவதையும் விட்டுவிட்டு அலையும். ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவாருங்கள்.

ஒரு பயணத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பழைய கட்டணத்தில் முற்பணம் கட்டியவர்களுக்குப் புதிய ஒழுங்கு சரிவராவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தருவோம். வருகிறவர்கள் தைப்பொங்கலுக்கு முன் சொல்லிவிடுங்கள், தங்குமிடம் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பயண ஒழுங்கமைப்பாளர்கள்,
கிளிநொச்சி