லைட் கண்ணாடியைத் தேய்த்தால் கிளியரும் அடியுங்கள்: டெல்டா பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் வாட்டர் சர்வீஸும் பெயிண்ட் பட்டறையும் நடத்தும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். நான் மெக்கானிக் இல்லை. பதிமூன்று வருஷப் பழைய கார் ஒன்றில் வாரத்துக்கு மூன்று நாள் மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே ராத்திரியில் போய் வருகிறவன், அவ்வளவுதான். கார் முன்விளக்குக் கண்ணாடியைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று போன தை மாதத்திலிருந்து மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அப்போது சம்பா அறுவடை. வடுவூர் தாண்டி வந்துகொண்டிருக்கிறேன், பக்கத்து சீட்டில் அம்மா. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் போகிறது, பின்னால் சிவப்பு விளக்கு இல்லை, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் தொங்குகிற வைக்கோல் மூடிவிட்டது. அம்மா "ஐயோ" என்று டேஷ்போர்டில் கை ஊன்றின பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. பிரேக் பிடித்து நிறுத்தி, ஓரங்கட்டி, இறங்கிப்போய் என் காரின் முன்பக்கம் நின்று பார்த்தேன். இரண்டு லைட்டும் எரிகிறது. ஆனால் கண்ணாடி மேல் பால் ஆடை படிந்த மாதிரி மஞ்சளாக ஒரு படலம், வெளிச்சமெல்லாம் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, ரோட்டுக்கு வந்தது கொஞ்சம்தான்.

அதே கண்ணாடியை ஆவணியில்தான் ஒரு கடையில் 400 ரூபாய் கொடுத்துத் தேய்த்திருந்தேன். அன்றைக்குப் புது வண்டி மாதிரிப் பளபளத்தது, நானும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். ஐந்து மாதத்தில் தேய்ப்பதற்கு முன் இருந்ததைவிட மோசமாகிவிட்டது. கடையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தம்பி ஒரு மணி நேரம் கை வலிக்க வேலை பார்த்தார், நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். வேலை பாதியில் நின்றுவிட்டது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கண்ணாடி என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அம்பாசடர் காலத்து உருண்டை லைட் நிஜமாகவே கண்ணாடிதான், வருஷக்கணக்கில் வெயிலில் நின்றாலும் மஞ்சளாகாது. இப்போது வருவது பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். கல் பட்டால் சுலபத்தில் உடையாது, எடையும் குறைவு, ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது, சீக்கிரம் கீறலும் விழும். அதனால்தான் கம்பெனியிலேயே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோட்டிங் ஒன்று கொடுத்து அனுப்புகிறார்கள். வருஷம் ஆக ஆக வெயிலில் அந்தக் கோட்டிங் மக்கி, வெடித்து, செதில் செதிலாக உரிகிறது. நாம் பார்க்கிற மஞ்சளும் மங்கலும் அதுதான்.

இப்போது வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், போட்டுத் தேய்க்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் வழிகிற தண்ணீர் மஞ்சளாக வரும், கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக மாறும். மஞ்சளாக வந்தது செத்துப்போன பழைய கோட்டிங், வெள்ளையாக வருவது பிளாஸ்டிக். அதாவது மிச்சம் மீதி இருந்த பாதுகாப்பையும் நாமே முழுசாகச் சுரண்டி எடுத்துவிடுகிறோம். எடுத்துத்தான் ஆகவேண்டும், பழையது திட்டுத் திட்டாக நின்றால் சரியாக வராது. ஆனால் எடுத்த பிறகு காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை போட்டு பஃபிங் பண்ணிப் பளபளவென்று வெறும் பிளாஸ்டிக்கை அப்படியே சித்திரை வெயிலில் அனுப்பிவிட்டால் அது எத்தனை மாதம் தாங்கும்? மேல்சட்டையைக் கழற்றிவிட்டு நடவுக்கு அனுப்புகிற மாதிரிதான். பற்பசை வைத்துத் தேய்ப்பதும் இதே கதை, பேப்பருக்குப் பதில் பொடி, அவ்வளவுதான், அது சில வாரம்கூட நிற்பதில்லை.

நான் கேட்பது இந்த ஒன்றைத்தான். தேய்த்தால் மேலே கிளியர், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, அடித்து அனுப்புங்கள். இல்லையென்றால் "இது வெறும் பாலிஷ்தான், கோட்டிங் இல்லை, சீக்கிரம் திரும்ப மங்கும்" என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

தை மாதச் சம்பவத்துக்கு அப்புறம் கும்பகோணத்தில் ஒரு பெயிண்டர் அண்ணனிடம் வண்டியை விட்டேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். முதலில் லைட் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். ஈரமாக இருக்கும்வரை கண்ணாடி தெளிவாகத் தெரிந்தது, காய்ந்ததும் பழையபடி மங்கியது. "சரி, கோளாறு வெளியேதான்" என்றார். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தால் சீல் போயிருக்கிறது என்று அர்த்தமாம், வெளியே எவ்வளவு தேய்த்தும் பிரயோஜனம் இல்லையாம். சுற்றிலும் பெயிண்டை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, 600-ஆம் நம்பர் பேப்பரில் ஆரம்பித்து 800, 1000, 1500 என்று தண்ணீர் விட்டுக்கொண்டே போனார், ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கிற திசையை மாற்றினார், அப்போதுதான் முந்தின கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். 1500 முடிந்தபோது கண்ணாடி உறைபனி மாதிரி வெளுத்துப் போயிருந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் காம்பவுண்டைத் தொடவே இல்லை. கிளியர் அடிக்கப் போகிற இடத்தில் காம்பவுண்டின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது என்றார். தின்னரும் வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும் என்று ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஹார்ட்னர் என்கிற இறுக வைக்கும் திரவம் கலந்த 2கே கிளியரை முதலில் பனி தூவுகிற மாதிரி லேசாக, அப்புறம் இரண்டு முறை கொஞ்சம் நனைகிற மாதிரி அடித்தார். அந்த இரண்டாவது முறையில் வெளுப்பெல்லாம் கண் முன்னாலேயே கரைந்து உள்ளே இருக்கிற பல்ப் வரை தெளிந்தது! மறுநாள்தான் வண்டியைக் கொடுத்தார். இரண்டு மழைக்காலம் தாங்கினாலே எனக்குப் போதும், இதுவரை தெளிவாகத்தான் இருக்கிறது.

ஹார்ட்னர் கலந்த கிளியர் அடிக்கும்போது தயவுசெய்து முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமா வரவைக்கும். அதற்கென்று உள்ள ஃபில்டர் மாஸ்க் வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கூலி கேளுங்கள், கொடுக்கிறோம். சில இடங்களில் கப்பில் திரவத்தைச் சூடாக்கி ஆவி காட்டி ஐந்து நிமிஷத்தில் தெளிய வைக்கிறார்கள், அதையும் பார்த்தேன். அந்தத் திரவங்கள் பலவற்றில் இருப்பது டைகுளோரோமீத்தேன், மூடின பட்டறைக்குள் அதைச் சுவாசிப்பது உங்கள் உயிரோடு விளையாடுகிற வேலை. அந்த ஆவி மேலே உருக்கி மழமழப்பாக்குமே தவிர வெயிலுக்குப் பாதுகாப்பு எதையும் தராது.

இன்னொன்று, வெளிச்சம் பத்தவில்லை என்று வருகிறவர்களுக்கு 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 மாட்டிவிடுகிறீர்கள். மங்கின கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பல்ப் போட்டால் ரோட்டுக்குப் போவதைவிட எதிரே வருகிறவர் கண்ணுக்குத்தான் அதிகம் போகும், சூட்டில் ரிஃப்ளெக்டரும் பொசுங்கும். அமெரிக்காவில் ஏஏஏ என்கிற மோட்டார் சங்கம் 2018-இல் சோதித்துப் பார்த்ததில், மஞ்சளான லைட் லோ பீமில் புதிய லைட்டின் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சமே தந்தது. தேய்த்துச் சரிசெய்தால் 70 சதவீதம் வரை திரும்பியது. பல்பை மாற்றாமலே இவ்வளவு.

நம் ஊரில் இது எவ்வளவு அவசியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புது ஆற்றங்கரையில் பாதி இடத்தில் தடுப்பு கிடையாது. ரோட்டில் நெல் காயும், நடுவில் கல் வைத்திருப்பார்கள். மார்கழியில் பனி. தீபாவளி சமயத்தில் பச்சைப் பூச்சி லைட்டில் அப்பிக்கொள்ளும், அதை நாங்கள் வறண்ட துணியால் தேய்த்தும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் கோட்டிங்கை நாங்களே கெடுக்கிறோம், ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும் என்பதை வண்டி கழுவ வருகிறவர்களிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

என் மச்சான் நீடாமங்கலத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார், லைட் இரண்டும் மஞ்சளாகக் கிடக்கிறது, புது செட் போட இப்போதைக்கு வசதியில்லை. உங்களில் யார் கிளியரும் மாஸ்க்கும் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், ஐப்பசிக்குள் அந்த வண்டியைக் கொண்டுவந்து விடுகிறேன், ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மன்னார்குடி ரோட்டில் ராத்திரி வண்டி ஓட்டுகிற ஒருவன்