வார்ஃபரின் தொடங்கும் முதல் வாரம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. வார்டு செவிலியர்களுக்கு நீ வகுப்பு எடுக்கப்போவது எனக்குப் பெரிய நிம்மதி. வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து என்றதும் எல்லாரும் ரத்தக்கசிவைத்தான் தேடுகிறார்கள். அதே மருந்தால் தோல் கருகவும் கூடும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

வார்ஃபரினால் வரும் தோல் அழுகல் அரிது. அதிகம் போனால் ஆயிரம் பேரில் ஒருவருக்கு. பெரும்பாலும் மருந்து தொடங்கிய 3 முதல் 5 நாளில், கொழுப்பு மிகுந்த இடங்களில் வரும்: மார்பகம், தொடை, பிட்டம், வயிறு. முதலில் கடும் வலி. பிறகு சிவந்து, ஊதாவாகி, ரத்தக் கொப்புளம் எழும்பிக் கருகிவிடும். வலி என்று சொன்ன அன்றே துணியை விலக்கிப் பார்க்கச் சொல்.

காரணத்தை அழுத்திச் சொல். வார்ஃபரின் உறைதல் காரணிகளோடு, உறைதலை அடக்கும் புரோட்டீன் சி-யையும் குறைக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 8 மணி நேரம். உறைதல் காரணியான புரோத்ராம்பினுக்கோ சுமார் 60 மணி நேரம். அடக்குவது முதலில் தீர்ந்துவிட, உறைய வைப்பது மிச்சமிருக்கிறது. தோலின் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. 7-ஆம் உறைதல் காரணியும் சீக்கிரம் குறைவதால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு மூன்றாம் நாளே 2-ஐத் தொடலாம். அதை நம்பி, உடனே வேலை செய்யும் உறைவுத் தடுப்பு ஊசியான ஹெப்பாரினை நிறுத்துவதுதான் ஆபத்து. ரத்தக்கட்டிக்கு மருந்து தொடங்கும்போது வார்ஃபரின், ஹெப்பாரின் இரண்டும் குறைந்தது 5 நாள் சேர்ந்தே போக வேண்டும், ஐ.என்.ஆர். 2-க்கு மேல் 24 மணி நேரமாவது நிற்க வேண்டும். தொடக்கத்திலேயே பெரிய டோஸ் கூடாது. குடும்பத்தில் இளவயதில் ரத்தக்கட்டி வந்தவர் உண்டா என்றும் கேட்கட்டும்.

வந்துவிட்டால் வார்ஃபரினை உடனே நிறுத்தி, வைட்டமின் கே-யும், பிளாஸ்மா அல்லது புரோட்டீன் சி செறிவும் கொடுத்து, ஹெப்பாரினைத் தொடர்வார்கள். ஆனால் அதற்குமுன் பிளேட்லெட் எனும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளில் எண்ணிக்கை பாதியாகி, ஊசி போட்ட இடம் கருகினால் குற்றவாளி ஹெப்பாரினேதான். அப்போது அதை அடியோடு நிறுத்தி ஆர்கட்ரோபான் போன்ற வேறு மருந்துக்கு மாற வேண்டும். பிளேட்லெட் மீளும்வரை வார்ஃபரினும் வேண்டாம்; கொடுத்தால் கைகால் அழுகிப்போகலாம்.

வார்ஃபரின் தொடங்கி 3 முதல் 8 வாரம் கழித்துக் கால்விரல்கள் ஊதாவாகி, அழுத்தினால் வெளுத்தால், அது கொலஸ்ட்ரால் துகள் அடைப்பு. இதை ஒரு படம் காட்டிச் சொன்னாலே போதும்.

நோயாளியின் அட்டையில் மருந்து தொடங்கிய தேதியைப் பெரிய எழுத்தில் எழுத வை. புண்ணைப் பார்க்கிற மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். வகுப்புக் குறிப்பை எழுதி முடித்ததும் அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
வசந்தி