அந்தக் குப்பிக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி

மகனே, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ வாங்கப் பாக்குற மூக்குப்பொடிக் குப்பியோட நாலு போட்டோவையும் பெருசு பண்ணி பெருசு பண்ணி பார்த்ததுல ராத்திரி தூங்க மணி ரெண்டாயிடுச்சு. உன் உம்மாவுக்கு ஒரே சிரிப்பு, "பொடி டப்பாவுக்கா இந்த விலை"ங்குறா, அவ உம்மா இடுப்புல சொருகி வச்சிருந்த தகர டப்பா ஞாபகம் வந்துடுச்சு போல. போன்ல சொன்னா பாதியிலயே "மீட்டிங் வாப்பா"ன்னு வச்சிடுவ, அதான் டைப் பண்றேன்.

சீன ராஜா சியன்லோங் காலத்து வெள்ளை ஜேட் கல்லுன்னு விக்கிறவன் சொல்றான், நீயும் அடியில இருக்குற நாலு எழுத்து முத்திரையவே மூணு போட்டோ எடுத்திருக்க. அந்த ராஜா ஆண்டது 1736ல இருந்து 1795 வரைக்கும், ஆனா அவர் பேர பின்னாடி வந்தவங்க எத்தனையோ பேர் வெட்டிருக்காங்க, மரியாதைக்கும் வெட்டுவாங்க ஏமாத்தவும் வெட்டுவாங்க. அதை விடு. குப்பி வாய்க்குள்ள டார்ச் அடிச்சு ஒரு போட்டோகூட இல்லையே, கதையே அங்கதான இருக்கு.

சுண்டுவிரல் நுழையாத வாய் அது. கத்தி போட்டாலும் கீறு விழாத கல்லு. மொதல்ல குழாய் மாதிரி ஒண்ண வச்சு நேரா துளை போடுவாங்க, அப்புறம் வளைஞ்ச கம்பிய உள்ள விட்டு, தண்ணியும் கல்லுமணலும் கொழைச்சு ஊத்தி, கண்ணுக்குத் தெரியாத இடத்துல குப்பியோட தோள்பட்டை, அதான் வாய்க்குக் கீழ அகலமாகுற இடம், அது வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு எடுக்கணும். கம்பி அறுக்காது, மணல்தான் அறுக்கும். கொஞ்சம் அசந்தா சுவர் ஓட்டையாயி அதுவரைக்கும் பட்ட பாடெல்லாம் போச்சு.

நம்ம வீட்டு சாம்பல் அகேட் கல்லுக் குப்பி ஞாபகம் இருக்கா? கல்லுல தானா கிடந்த பழுப்புக் கறைய அப்படியே குருவி ஆக்கிருப்பான், கறை முடியுற இடத்துலயே வாலும் முடியும். வாளித் தண்ணில போட்டுக் காட்டுனேன், மிதந்துச்சு, கல்லு மிதக்குதுன்னு நீ ஸ்கூல்ல போய் சொல்லி யாரும் நம்பலன்னு அழுதுட்டு வந்த. அவ்ளோ மெல்லிசா குடைஞ்ச கை அது.

நானும் ஏமாந்தவன்தான், உனக்கு இதுவரை சொன்னதில்ல. ஹாங்காங் வந்த புதுசுல கேட் ஸ்ட்ரீட்ல ஒரு கடையில வெள்ளை ஜேட்னு ஒண்ணு வாங்குனேன், கல்லு வியாபாரிக்கு யார் சொல்லித்தரணும்ங்குற திமிரு, லென்ஸ எடுத்தே பாக்கல. வீட்டுக்கு வந்து பார்த்தா வாய் ஓரத்துல ஊசிமுனை மாதிரி ஒரு காத்துக்குமிழி. கண்ணாடி! அதுக்காக கண்ணாடின்னா மட்டம்னும் நினைச்சிடாத, 1696லயே காங்ஷிங்குற சீன ராஜா அரண்மனைக்குன்னு கண்ணாடிப் பட்டறை வச்சாரு, அதை நடத்துனவர் கிலியன் ஸ்டும்ஃப்னு ஒரு ஜெர்மன் பாதிரியார். 2011ல இங்க ஏலத்துல ரெண்டரைக் கோடி ஹாங்காங் டாலருக்கு மேல போனதும் எனாமல் தீட்டுன கண்ணாடிக் குப்பிதான், ஜேட் இல்ல. நான் வாங்குனது அந்த ஜாதி இல்லங்குறதுதான் பிரச்சினை.

உன் குப்பிக்கு வரேன். டிராகன் செதில் எல்லாம் ஒரே ஆழம், ஒரே அகலம், ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி, எனக்கு இந்தக் காலத்து மோட்டார் மெஷின் வேலை மாதிரிதான் தெரியுது. வாய் ஓரமும் கையில சுரண்டுற மாதிரி கூர்மையா இருக்கு. பழசுல மூடியோட ஒரு சின்ன கரண்டி தொங்கும், பொடிய அள்ளி கட்டைவிரல் நகத்துல வச்சு உறிஞ்ச, தடிமனுக்கு நல்லதுன்னு மருந்தாவும் போட்டிருக்காங்க. நாள் முழுக்க திறந்து மூடுன வாய்ல கொஞ்சமாவது வழவழப்பு இருக்கும்ல.

நேர்ல போ. மெல்லிசான கம்பி நுனிய வளைச்சு, கேட்டுட்டு உள்ள விட்டு தோள்பட்டைய தடவிப் பாரு, நேர் துளை மட்டும் இருந்து கம்பி பக்கவாட்டுல எங்கயும் திரும்பலன்னா வச்சிட்டு வந்துடு. அட்வான்ஸ் கொடுத்திருந்தா அது போகட்டும், மீதிய கட்டாத.

உனக்கு குப்பிதான் வேணும்னா குருவிக் குப்பிய ரமலானுக்கு வரும்போது எடுத்துட்டுப் போ. அதுக்குள்ள அடியில யாரோ போட்ட பொடி இன்னும் கறுப்பா ஒட்டிக்கிட்டிருக்கு, கழுவி வைக்கட்டான்னு உம்மா கேட்டா, வேணாம்னுட்டேன்.

வாப்பா