ராமலிங்க விலாசத்தில் டார்ச் பிடித்த பெரியவருக்கு

கார்த்திகை மழை. ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் வழியில் ராமநாதபுரம் அரண்மனை வாசலில் மகளோடு சொட்டச் சொட்ட நின்றேன். குடைக்குள் கூப்பிட்டு அரண்மனை மண்டபமான ராமலிங்க விலாசம் வரை கொண்டுவந்து விட்டீர்கள், ஐயா. அதோடு போகாமல் உள்ளேயும் வந்தீர்கள்.

மழை இருட்டில் சுவர் ஓவியங்கள் மங்கிக் கிடந்தன. உங்கள் சின்ன டார்ச் வெளிச்சத்தில்தான் ராஜராஜேஸ்வரி அம்மன் ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்குச் செங்கோல் கொடுப்பதைப் பார்த்தோம். 18ஆம் நூற்றாண்டு ஓவியம்! அப்புறம் மராத்தியரோடு நடந்த போர். மகள் ஈரக் கையை நீட்டியதும், "தொடாத தாயி, சாயம் போயிரும்" என்று உங்கள் துண்டாலேயே அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டீர்களே, அது கண்ணிலேயே நிற்கிறது.

பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி ஐயா. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் செங்கோல்தான் வரைகிறாள்.